ஒரே பாடம், மூன்று ரசீது

மார்ச் மாதக் கடைசியில் எனக்கு இரண்டு கணக்கு முடிக்க வேண்டும். ஒன்று, திருச்சியில் நான் கணக்கராக வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு. அதற்குத் தணிக்கையாளர் வருவார், வவுச்சர் கேட்பார். இன்னொன்று, வீட்டில் சாமி அலமாரிக்குக் கீழே கிடக்கும் நீல அட்டை நோட்டு. அதற்குத் தணிக்கையும் நானே. 7ஆம் வகுப்பு படிக்கும் மகளுக்காக 2025 ஜூன் முதல் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் அதில் இருக்கிறது, ஜெராக்ஸ் எடுத்த 6 ரூபாய் உட்பட.

இந்த ஆண்டுக் கணக்கு இப்படி:

பள்ளிக் கட்டணம், 3 தவணை × 16,500: 49,500
இதரக் கட்டணம் (ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா முதலியவை): 6,800
வேன், 11 மாதம் × 1,800: 19,800
புத்தகம், நோட்டு: 6,350
சீருடை, ஷூ, சாக்ஸ்: 5,900
டியூஷன், 10 மாதம் × 1,500: 15,000
சார்ட், புராஜெக்ட், சுற்றுலா, பிறந்தநாள் சாக்லெட், ஜெராக்ஸ்: 4,370

மொத்தம் 1,07,720 ரூபாய். மாதத்துக்கு 8,977.

"பொண்ணுக்கு ஃபீஸ் எவ்வளவு கட்டுறே?" என்று யாராவது கேட்டால், "ஐம்பதாயிரம் ஆகுது" என்பேன். பொய் இல்லை. ஆனால் அந்த ஐம்பதாயிரம் மொத்தச் செலவில் 46 சதவீதம்தான். மீதி 54 சதவீதம் ஃபீஸ் என்ற பெயரில் வருவதில்லை. வேன்காரரிடமும் தையல்காரரிடமும் டியூஷன் மிஸ்ஸிடமும் சில்லறை சில்லறையாகப் போகிறது. மொத்தமாகக் கொடுத்த பணம் உறுத்துகிறது. சில்லறையாகக் கொடுத்தது மறந்துபோகிறது.

இது என் ஒரு வீட்டுக் கணக்கு. ஊர்க் கணக்கோடு ஒப்பிட வேண்டுமானால் அதற்கும் எண் இருக்கிறது. மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை 52,085 குடும்பங்களில், 57,742 மாணவர்களைப் பற்றி ஒரு கல்விச் செலவுக் கணக்கெடுப்பு நடத்தியது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு குடும்பம் ஆண்டுக்குச் செய்யும் சராசரிச் செலவு 2,863 ரூபாய். அரசு சாராத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு 25,002 ரூபாய். கிட்டத்தட்ட 9 மடங்கு. இது நாடு முழுவதற்கும், கிராமமும் நகரமும், ஒன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் கலந்த சராசரி. நகரத்தில், அதுவும் நடுநிலை வகுப்பில், என்னுடையது அதைப்போல் நான்கு மடங்காக இருப்பதில் வியப்பில்லை.

என் நோட்டில் இல்லாத ஒரு தொகையை வைத்துத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். அது நான் ஏற்கெனவே கட்டிவிட்ட தொகை.

முதல் ரசீது: வரி

தமிழ்நாட்டின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 7.21 கோடி. வகுத்தால் தலைக்கு 6,486 ரூபாய். என் வீட்டில் மாமியாரையும் சேர்த்து நான்கு பேர். நான்கால் பெருக்கினால் 25,944. 2011க்குப் பிறகு மக்கள்தொகை கூடியிருக்கும் என்பதால் கொஞ்சம் கழித்து, 24,000 என்று வைத்துக்கொள்ளலாம். தனியார் பள்ளிப் பிள்ளைக்கு நாட்டின் சராசரி 25,002 என்று மேலே பார்த்தோமே, ஏறக்குறைய அதே தொகை.

ஆக, சராசரி எடுத்துப் பார்த்தால், நான்கு பேர் கொண்ட ஒவ்வொரு குடும்பத்தின் பெயரிலும் ஆண்டுக்கு ஒரு பள்ளிக் கட்டணம் ஏற்கெனவே கட்டப்படுகிறது. பற்பசையில், பெட்ரோலில், பத்திரப் பதிவில் அது போகிறது. ரசீது வருவதில்லை என்பதால் கட்டியதே நமக்குத் தெரிவதில்லை. வருமான வரி கட்டுபவர்களுக்கு மட்டும் இதில் ஒரு சிறு துண்டு கண்ணுக்குத் தெரியும். 2004இல் 2 சதவீதக் கல்வி செஸ் வந்தது. 2007இல் உயர்நிலைக் கல்விக்காக இன்னொரு 1 சதவீதம் சேர்ந்தது. 2018-19இலிருந்து மருத்துவத்தையும் கல்வியையும் சேர்த்து 4 சதவீதம். 50,000 ரூபாய் வரி கட்டுபவர் அதற்குமேல் 2,000 ரூபாய் இந்த வகையில் கட்டுகிறார்.

இந்தப் பணத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் தெருமுனையில், 400 மீட்டரில், ஓர் அரசு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே பாடப்புத்தகம், நோட்டு, புத்தகப்பை, 4 செட் சீருடை, காலணி, வண்ணப் பென்சில், வடிவியல் பெட்டி எல்லாம் விலையில்லை. மதியம் சத்துணவு, வாரம் 5 முட்டை. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பாப்பாக்குறிச்சி எங்கள் திருச்சியை ஒட்டிய ஊர்தான். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்ட் 25இல் 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. தெருமுனைப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகள் எட்டரை மணிக்குக் கிச்சடியும் சாம்பாரும் சாப்பிடும் வாசனை, வேனுக்காக நிற்கும் என் மகள் மூக்கு வரைக்கும் வரும்.

எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவின் மகன் அந்தப் பள்ளியில்தான் 7ஆம் வகுப்பு படிக்கிறான். ஒருநாள் மதியம் சாப்பாட்டு வேளையில் அவர் கணக்கையும் எழுதினோம்.

"எழுதுற அளவுக்கு என்ன மேடம் இருக்கு?" என்றார். இருந்தது. கூடுதலாக ஒரு ஷூ, உடுப்பு 1,100. கைடு 650. சுற்றுலா 500. சில்லறை 150. ஆக 2,400. நாட்டின் சராசரியான 2,863ஐ ஒட்டித்தான் வருகிறது.

"அவ்வளவுதானா அக்கா?"

"டியூஷனை விட்டுட்டீங்களே. மாசம் 700."

பத்து மாதத்துக்கு 7,000. மொத்தம் 9,400. அதில் முக்கால் பங்கு டியூஷன். எல்லாம் விலையில்லாமல் கொடுக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் டியூஷன் என்ற மூன்றாவது ரசீது இருக்கிறது.

இரண்டாவது ரசீது: கட்டணம்

என் மகள் படிப்பது மெட்ரிகுலேஷன் பள்ளி. தமிழ்நாட்டில் 2010இல் பொதுப் பாடத்திட்டச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அன்றிலிருந்து மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் புத்தகம் ஒன்றுதான். அக்கா மகனின் பள்ளியிலும் ஆங்கிலவழிப் பிரிவு இருப்பதால் அச்செழுத்துகூட ஒன்றே. அதே கணக்கு, அதே 'பயிற்சி 2.3', அதே தவளைப் படம்.

வேறுபடுவது விலை. அரசு, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு அது இலவசம். மற்றவர்கள் வாங்க வேண்டும். 2024இல் பாடநூல் விலையும் ஏறியது. 1ஆம் வகுப்புத் தொகுதி 390 ரூபாயிலிருந்து 550 ஆனது. அப்படி ஏறியும் என் 6,350 ரூபாய்ப் புத்தகச் செலவில் அரசு அச்சிட்ட புத்தகங்களின் பங்கு 1,200தான். மீதி 5,150 ரூபாய்க்குப் பள்ளியின் பெயர் அச்சிட்ட நோட்டுகள், கணினி, பொது அறிவு, நன்னெறி, கையெழுத்துப் பயிற்சி. அவற்றைப் பள்ளி சொல்லும் இடத்தில்தான் வாங்க வேண்டும். கையெழுத்துப் பயிற்சிப் புத்தகத்தில் மார்ச்சில் 11 பக்கம் எழுதியிருந்தது.

2025 செப்டம்பர் 22இலிருந்து நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்பனர் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி இல்லை. நாங்கள் ஜூனில் வாங்கிய நோட்டுகளுக்கு 12 சதவீதம் கட்டியாயிற்று. நோட்டைச் சுமக்கும் பைக்கு இன்னும் 18 சதவீதம்.

கட்டணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. முதல் தலைவர் நீதிபதி கே.கோவிந்தராஜன். ஒருமுறை நிர்ணயித்த கட்டணம் 3 ஆண்டுகளுக்குப் பொருந்தும். நல்ல ஏற்பாடு. ஆனால் என் நோட்டில் இரண்டு வரி இருப்பதைக் கவனியுங்கள். 49,500க்கு முத்திரை வைத்த ரசீது இருக்கிறது. 6,800க்கு இருப்பது ஒரு ரோஸ் நிறத் துண்டுச் சீட்டு. அதில் பள்ளியின் பெயர் இல்லை, தேதியும் இல்லை. 'ஆக்டிவிட்டி' என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருக்கிறது. அலுவலகத்தில் இப்படி ஒரு வவுச்சரை யாராவது நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவேன். பள்ளி ஜன்னலில் அதை வாங்கி நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

வரிச் சலுகை உண்டே என்பார்கள். பழைய முறையில் இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தைக் காட்டலாம். அது பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாவற்றோடும் சேர்ந்த ஒன்றரை லட்ச வரம்புக்குள் அடங்க வேண்டும். வேன், சீருடை, நன்கொடை எதுவும் அதில் சேராது. புதிய முறையில் அதுவும் இல்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ்ப் பல்லாண்டுகளாக நின்ற இன்னொரு சலுகையும் இருந்தது: பிள்ளைக் கல்விப்படி, பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய், அதிகபட்சம் இரண்டு பிள்ளைகளுக்கு. என் மாதச் செலவு 8,977. அந்த 100 ரூபாயில் இன்று ஒரு நாள் வேன் ஓடும், மறுநாள் வழியிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது ரசீது: டியூஷன்

அதே மத்தியக் கணக்கெடுப்பில் டியூஷனுக்கும் எண் உண்டு. நாட்டில் 27 சதவீத மாணவர்கள் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். நகரத்தில் 30.7, கிராமத்தில் 25.5. நகரத்தில் மாணவர் ஒருவருக்கு இதற்கான ஆண்டுச் சராசரிச் செலவு 3,988 ரூபாய், கிராமத்தில் 1,793. மேல்நிலை வகுப்புக்குப் போனால் நகரத்தில் 9,950, கிராமத்தில் 4,548. போகாத பிள்ளைகளையும் சேர்த்து வகுத்த சராசரி இது. போகும் வீட்டுக்கு உண்மைச் செலவு இன்னும் கூடுதல்.

இதற்குமேல் ஏறினால் நீட். 180 கேள்வி, 720 மதிப்பெண், 3 மணி நேரம். 2025இல் எழுதியவர்கள் 22.09 லட்சம் பேர், தகுதி பெற்றவர்கள் 12.36 லட்சம். அந்தத் தேர்வின்போது நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.18 லட்சம். ஓர் இடத்துக்கு 18 பேருக்கு மேல். பயிற்சி மையக் கட்டணத்தில் ஒவ்வொரு லட்சத்துக்கும் 18,000 ரூபாய் ஜிஎஸ்டி தனி. பள்ளிக் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. பள்ளியில் கற்பிப்பது கல்வி, பயிற்சி மையத்தில் கற்பிப்பது வணிகம் என்று வரிச் சட்டத்துக்குத் தெளிவாகத் தெரிகிறது. 11ஆம் வகுப்புப் பிள்ளையைக் காலையில் ஒன்றிலும் மாலையில் இன்னொன்றிலும் இறக்கிவிடும் தகப்பனுக்குத்தான் எது எது என்று குழம்புகிறது.

7ஆம் வகுப்பிலேயே எதற்கு டியூஷன்? பெற்றோர் சந்திப்பில் கணக்கு ஆசிரியையிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வருகைப் பதிவேட்டைக் காட்டினார். வகுப்பில் 46 பிள்ளைகள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுகோல் 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். 11 பேர் அதிகம். நாற்பது நிமிட வகுப்பை 46 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 52 நொடி. "கடைசி பெஞ்சு நோட்டைப் பார்க்கிறதுக்குள்ள பெல் அடிச்சிடும் மேடம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கேட்காமலேயே, தன் சம்பளத்தைச் சொன்னார். 14,000.

அன்றிரவு நீல நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். 46 பிள்ளைகள் × 49,500 என்றால் 22,77,000 ரூபாய். ஓர் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் 1,68,000. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்றாலும் ஒவ்வொருவரும் பல பிரிவுகளுக்குப் போவதால், ஒரு வகுப்புக்கு ஒன்றரை ஆசிரியர் என்று தாராளமாகவே வைத்தேன். 2,52,000. வகுப்பின் கட்டண வரவில் 11 சதவீதம். கட்டடம், வங்கிக் கடன், மின்சாரம், அலுவலகச் சம்பளம் என்று பள்ளிக்கும் ஆயிரம் செலவு இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் நான் 100 ரூபாய் கட்டினால் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவரிடம் போய்ச் சேருவது 11 ரூபாய் என்பது என் கணக்கு.

எங்கள் டியூஷன் மிஸ் யார் தெரியுமா? பி.எட். படித்தவர். 6 ஆண்டுகள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு நடத்தியவர். விலகியபோது சம்பளம் 12,500. இப்போது வீட்டு முன்னறையில் 18 பிள்ளைகள். வசதிக்குத் தக்கபடி வாங்குகிறார், என் மகளுக்கு 1,500, அக்கா மகனுக்கு 700. சராசரி 1,100 என்றாலும் மாதம் 19,800. பள்ளியில் கிடைக்காததை அவர் மாலையில் பாயில் உட்கார்ந்து சம்பாதிக்கிறார். நாங்களும் பள்ளியில் கிடைக்காததை அதே பாயில் வாங்குகிறோம்.

இந்த இடத்தில்தான் மூன்று ரசீதும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. தெருமுனை அரசுப் பள்ளியின் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி சேர்ந்தால் 55,000ஐத் தாண்டும். தகுதித் தேர்வும் போட்டித் தேர்வும் எழுதி வந்தவர். அவர் சம்பளத்தில் என் பங்கை வரியாகக் கொடுத்துவிட்டு, அவரிடம் பிள்ளையை அனுப்பாமல் இருக்கிறேன். 14,000 ரூபாய் ஆசிரியையிடம் அனுப்ப 49,500 கட்டுகிறேன். அந்தச் சம்பளம் கட்டுப்படியாகாமல் வெளியேறிய இன்னொருவருக்கு மாலையில் 15,000 கொடுக்கிறேன். ஒரே தவளைப் படம், மூன்று ஆசிரியர், மூன்று விலை. அதிகம் சம்பளம் வாங்குபவரைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. குறைவாக வாங்குபவருக்கு நேரமில்லை.

ஏன் இப்படி?

அரசுப் பள்ளி என்றால் பயப்படக் காரணமே இல்லை என்று நான் எழுதினால் அதுவும் பொய்க் கணக்கு. 2024-25 நிலவரப்படி நாட்டில் 1,04,125 பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான். அவற்றில் படிப்பவர்கள் 33.76 லட்சம். பள்ளிக்கு 32 பிள்ளைகள், பல வகுப்புகள், ஒரு நாற்காலி. கற்றல் திறனை அளக்கும் 2024 ஏசர் ஆய்வில், கிராமப்புற அரசுப் பள்ளிகளின் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 44.8 சதவீதத்தினர்தான் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். பெற்றோர் ஓடுவதற்கு இந்த எண் போதும்.

ஆனால் ஓடிப்போய்ச் சேர்ந்த இடத்தின் எண்ணையும் படிக்க வேண்டும். அதே ஆய்வில், அதே வகுப்பில், தனியார் பள்ளிப் பிள்ளைகளில் வாசித்தவர்கள் சுமார் 59 சதவீதம். அங்கே பத்தில் நால்வர் கட்டணம் கட்டியும் வாசிக்கவில்லை. இரண்டு எண்ணுக்கும் இடையே 14 புள்ளிதான் வித்தியாசம். அதிலும் வீட்டில் படித்த பெற்றோர், புத்தகம், டியூஷன் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியே பிரித்தால், பள்ளியின் பங்கு இன்னும் சுருங்கும். செலவில் 9 மடங்கு, வாசிப்பில் ஒன்றே கால் மடங்கு சொச்சம்.

ரசீதே இல்லாத செலவு

ரூபாயை விட்டுவிட்டு மணியை எண்ணிப் பார்த்தேன். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலை நாள், 1,000 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. நாளுக்கு நாலரை மணி நேரம்.

வகுப்பில் கற்பித்தல்: 1,000 மணி
வேனில், நாளுக்கு 1 மணி 40 நிமிடம் × 220: 366 மணி
டியூஷனில், ஒன்றரை மணி × வாரம் 5 நாள் × 40 வாரம்: 300 மணி
வீட்டுப்பாடம், 45 நிமிடம் × 220: 165 மணி

1,000 மணி நேரப் படிப்புக்கு முட்டுக்கொடுக்க 831 மணி. வேன் 9 கிலோமீட்டர் போகிறது. சட்டத்தின் மத்திய விதிகளோ, 6 முதல் 8 வரையிலான பள்ளி பிள்ளையின் வீட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. எங்களுக்கு 400 மீட்டரில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் வேன் தினமும் திரும்புகிறது.

அந்த 165 மணி நேர வீட்டுப்பாடத்தில் பக்கத்தில் உட்காருவது நான். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், நாளுக்குச் சராசரி 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம். பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. எங்கள் வீட்டில் என் கணவருக்கு அந்த 74 நிமிடத்தைக்கூடக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணைக் காட்டினேன். "சராசரின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

பையையும் எடை போட்டேன். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்க வாங்கிய கொக்கித் தராசு வீட்டில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கைப்படி, பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 6, 7 வகுப்புகளுக்கு 2 முதல் 3 கிலோ. மகளின் எடை 34 கிலோ. பையின் எடை 6 கிலோ 200 கிராம். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். அரசுப் புத்தகங்கள் லேசானவை. 2012-13இல் முப்பருவ முறை வந்த பிறகு ஒரு பருவத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் சுமக்க வேண்டும். கனம் மற்றவற்றில் இருந்தது: நீள நோட்டுகள், அந்தக் கையெழுத்துப் பயிற்சி, டிபன் டப்பா, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. என் மகள் ஒரு கிலோ தண்ணீரை 220 நாள் சுமந்து போகிறாள். பள்ளித் தண்ணீரைக் குடிக்காதே என்று சொன்னவளும் நான்தான். கட்டணத்துக்குள் தண்ணீரும் அடக்கம். ஏற்கெனவே விலை கொடுத்ததை நம்பாமல் மறுபடி விலை கொடுப்பது டியூஷனில் மட்டும் நடக்கவில்லை, பாட்டிலிலும் நடக்கிறது.

விளையாட்டு என்ற வரியைத் தேடினேன். நோட்டில் இல்லை. காசு செலவாகாததால் எழுதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மணிக் கணக்கிலும் அதற்கு இடம் கிடைக்காதபோதுதான் விஷயம் புரிந்தது.

எந்த வரியை அடிப்பது?

கணக்கு எழுதுகிறவளுக்கு எழுதியதோடு வேலை முடியாது. 2026-27க்கு மதிப்பீடு போட வேண்டும்.

'இதரம்' 6,800: அடுத்த தவணைக்குப் போகும்போது சீட்டு வேண்டாம், முத்திரை வைத்த ரசீது வேண்டும் என்று கேட்பதாக முடிவு. கொடுத்தால் அது கட்டணக் குழு அனுமதித்த வரிதானா என்று பார்க்கலாம். கொடுக்காவிட்டால் அதுவே பதில்.

கையெழுத்து, நன்னெறிப் புத்தகங்கள்: நான்கு பெற்றோர் சேர்ந்து எழுதிக்கொடுக்கப்போகிறோம். தண்ணீர் பாட்டில்: அரை லிட்டர். பள்ளியின் சுத்திகரிப்புக் கருவிக்குக் கடைசியாக எப்போது வடிகட்டி மாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறேன்.

வேன், கட்டணம்: இவை இரண்டும் ஒரே கேள்வி. 400 மீட்டரா, 9 கிலோமீட்டரா? போன மாதம் ஒரு சனிக்கிழமை தெருமுனைப் பள்ளிக்குள் போனேன். தலைமை ஆசிரியை நாற்காலி போட்டுப் பேசினார். 7ஆம் வகுப்பில் 27 பேர். "பார்க்க வந்தீங்களா, சேர்க்க வந்தீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆங்கிலம் எப்படி இருக்கும், 9ஆம் வகுப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டுமே என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவை காரணங்கள்தான். ஆனால் முதல் காரணம் அவை இல்லை. கல்யாண வீட்டில் "எந்த ஸ்கூல்?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விதான். அதற்கான பதிலின் விலை என் கணக்கில் ஆண்டுக்கு 76,100 ரூபாய்: கட்டணம், இதரம், வேன்.

அங்கே இன்னொன்றும் தெரிந்தது. அரசுப் பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எங்கள் அக்கா அதில் உறுப்பினர். கழிவறைக் கதவு உடைந்ததைக் கூட்டத்தில் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 9,400 ரூபாய் செலவழிக்கும் அவருக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. 1,07,720 ரூபாய் செலவழிக்கும் எனக்கு இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும்.

டியூஷன் வரியை மட்டும் இந்த ஆண்டும் அடிக்க முடியவில்லை. 46 பேர் வகுப்பு 35 ஆகும் வரை முடியாது.

நேற்று மாலை மகளை அழைத்துவர டியூஷன் மிஸ் வீட்டுக்குப் போனேன். ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம். 18 பிள்ளைகள் இரண்டு பாயில். என் மகள் அறிவியல் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அக்கா மகனின் புத்தகத்தை நடுவில் விரித்து இருவரும் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மூலை மடங்காமல் செய்தித்தாள் அட்டை போட்டிருந்தான். மிஸ் எழுந்து காபி போடப் போனபோது அட்டை விலகிக் கீழே இருந்த வரி தெரிந்தது. விலையில்லாப் பிரதிகளில் அரசு அச்சிடும் வழக்கமான வரிதான்: 'விற்பனைக்கு அன்று'.

பர்ஸைத் திறந்து மார்ச் மாதத்து 1,500ஐ எண்ணினேன்.